மாசியில் கசந்த லெட்யூஸ்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்களாகக் கீரை போட்டு வருகிறேன். பேத்தி சாலட் விரும்பிச் சாப்பிடுகிறாள் என்பதால், போன கார்த்திகையில் லெட்யூஸ் விதைத்தேன். தளதளவென்று வந்தது. இலை அவ்வளவு ருசி. அதே பாக்கெட்டில் மிச்சம் இருந்த விதையை மாசி பிறந்ததும் மறுபடி போட்டேன். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. முளைத்தவையும் இலை விரிக்காமல் விறுவிறுவென்று உயரத்தில் போய்விட்டன. வாயில் வைத்தால் கசப்பு. கிள்ளினால் எருக்குப்போலப் பால் வடிகிறது. விதைக்கடைக்காரர் 'உரம் பத்தலை' என்கிறார். பக்கத்து வீட்டம்மா 'அது மலைப்பயிர், நம்ம ஊர்ல வராது' என்கிறார். அப்படியானால் கார்த்திகையில் மட்டும் எப்படி வந்தது? அந்தப் பால் உடம்புக்குக் கெடுதலா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேத்திக்குக் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பால் விஷமில்லை. லெட்யூஸ் செடிக்குப் பால் இருப்பதே இயல்பு. எருக்குக்கும் அதற்கும் உறவு கிடையாது. லெட்யூஸ் சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களை அறியாமலே நல்லதொரு சோதனையைச் செய்து முடித்துவிட்டு, முடிவை மட்டும் என்னிடம் கேட்கிறீர்கள். ஒரே பாக்கெட் விதை, ஒரே மாடி, ஒரே மண்கலவை, ஒரே கை. மாறியது மாதம் மட்டும். அப்படியிருக்க, காரணத்தை மாதத்தில்தான் தேட வேண்டும். விதை மட்டம் என்றால் கார்த்திகையிலும் முளைத்திருக்காது.

உரம் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஏனென்றால் செடி எப்படித் தவறினாலும் நம்மவர்கள் முதலில் சொல்லும் காரணம் அதுதான். தழைச்சத்துக் குறைந்த லெட்யூஸ் எப்படி இருக்கும் தெரியுமா? அடி இலைகள் வெளிறி மஞ்சளாகும். செடி குன்றி, வளராமல் உட்கார்ந்துவிடும். உங்கள் செடி அதற்கு நேர்மாறாக உயர்ந்திருக்கிறது. சத்தில்லாத செடி இவ்வளவு வேகமாகத் தண்டு விடாது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு கை உரம் போட்டிருந்தாலும் அந்தத் தண்டு இறங்கியிருக்காது, கசப்பும் போயிருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. உரம் போதவில்லை என்று சொல்லும் கடைகளில் 'வளர்ச்சி டானிக்' என்று ஒரு பாட்டிலையும் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். ஜிப்ரெல்லிக் அமிலம் என்று போட்டிருந்தால் லெட்யூஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஜிப்ரெல்லின் என்பது செடியின் தண்டை நீளச் செய்யும் ஹார்மோன். செடி தானே சுரக்கும் பொருள்தான். இதன் கதை நெல்வயலில் தொடங்கியது. நாற்றுகள் மற்றவற்றை மீறி நெட்டையாக, வெளிறிப்போய் வளர்ந்து, கதிர் பிடிக்காமல் சாகும் ஒரு நோய் ஜப்பானில் இருந்தது. அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை விடும் ஒரு பொருளே நாற்றை நீட்டுகிறது என்று 1926-இல் குரோசாவா என்ற விஞ்ஞானி காட்டினார். அதுதான் ஜிப்ரெல்லின். லெட்யூஸ் விதை உற்பத்தி செய்பவர்கள், செடி சீக்கிரம் பூக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தெளிப்பதுண்டு. இலைக்காக வளர்ப்பவர் அதைத் தெளித்தால், எது நடக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ அதைத் தன் கையாலேயே நடத்தி வைத்தவராகிறார்.

சரி, உண்மையான காரணம் என்ன? லெட்யூஸ் மத்தியதரைக் கடலோரத்தையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்த செடி. அதன் காட்டு மூதாதை இன்றும் அந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் முள்ளும் கசப்புமாக வளர்கிறது. எகிப்தியர்கள் இதை வெகு காலம் முன்பே பயிராக்கிவிட்டார்கள். கர்னாக்கில் முதலாம் செனுஸ்ரெத் மன்னர் கட்டிய வெண்ணிறக் கோயிலின் சுவர்ச் சிற்பங்களில், மின் என்ற தெய்வத்துக்குப் பக்கத்தில் நெட்டையான லெட்யூஸ் செடிகளைக் காணலாம். அதற்கு வயது கிட்டத்தட்ட 3,900 ஆண்டுகள். சாலட்டுக்கு வருவதற்கு முன்பு, விதையை ஆட்டி எண்ணெய் எடுப்பதற்காகவே அதை வளர்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த ஊர்களின் பருவத்தை நினைத்துப் பாருங்கள். மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுக்க வானம் பார்த்த வறட்சி. அங்கே பிழைக்க வேண்டிய செடிக்கு வழி ஒன்றுதான். குளிர் தொடங்கி முதல் மழை விழுந்ததும் முளைக்க வேண்டும். குளிர் முழுவதும் தரையோடு தரையாக இலை விரித்துச் சாப்பாடு சேர்க்க வேண்டும். வெயில் ஏறியதும் தாமதிக்காமல் தண்டு விட்டு, பூத்து, விதையாகிவிட வேண்டும். அந்த விதையும் கோடையில் தப்பித்தவறி விழும் ஒரு தூறலுக்கு ஏமாந்து முளைத்துவிடக் கூடாது. முளைத்தால் அடுத்த வாரமே கருகிப்போகும். ஆகவே சூடு தணியும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

உங்கள் மாடியில் மாசியில் நடந்த இரண்டுமே இதில் அடங்கிவிட்டன பாருங்கள். விதை முளைக்க மறுத்ததும், முளைத்தது அவசரமாக உயர்ந்ததும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. மதுரையின் மாசி வெயிலை, தன் பூர்விக ஊரின் கோடை பிறந்துவிட்டதாக அந்தச் செடி கணக்கிட்டிருக்கிறது. கார்த்திகையில் நம் வடகிழக்குப் பருவமழையும் குளிர்ச்சியும் அதன் கணக்கோடு ஒத்துப்போயின. அதனால் வந்தது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நன்றாக இருக்கும் ஒரு லெட்யூஸை வேரோடு எடுத்து, அடியிலிருந்து நெடுக்குவாட்டில் கத்தியால் பிளந்து பாருங்கள். அத்தனை இலைகளும் தரையிலிருந்தே கிளம்புவதாகத்தான் மேலிருந்து தெரியும். பிளந்தால் நடுவே கட்டைவிரல் அகலத்துக்குக்கூட இல்லாத குட்டையான ஒரு தண்டு இருக்கும். எல்லா இலையும் அதில்தான் நெருக்கியடித்து ஒட்டியிருக்கும். வெப்பம் தொடர்ந்து அடித்தால் செடிக்குள் ஜிப்ரெல்லின் கூடுகிறது. அந்தக் குட்டைத் தண்டு நீளத் தொடங்குகிறது. இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. இதைத்தான் பூத்தண்டு ஏறுவது என்கிறோம். வெளியில் தெரிவதற்குச் சில நாள் முன்பே செடி அறிகுறி காட்டிவிடும். நடுக்குருத்தில் புதிதாக வரும் இலைகள் அகலம் குறைந்து, நுனி கூராகி, படுக்காமல் நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்த அன்றே அறுத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கசப்பு முந்திக்கொள்ளும்.

லெட்யூஸ் இலை நன்றாக வளர 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் மிக உகந்தது. 25 வரை சமாளிக்கும். பகல் 30-ஐத் தாண்டி, இரவும் தணியாமல் சில நாள் தொடர்ந்தால் பெரும்பாலான ரகங்கள் பூக்கும் முடிவுக்கு வந்துவிடும். மதுரையில் தை மாதத்தில் பகல் 30-ஐ ஒட்டி இருந்தாலும் இரவு 20-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்த இரவுக் குளிர்தான் செடியைக் காப்பாற்றுகிறது. மாசி பாதிக்கு மேல் பகல் 35-ஐத் தொடத் தொடங்கும்.

இதைப் பற்றி யூடியூபில் வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் பேசுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். பகல் நீண்டதால் லெட்யூஸ் பூக்கிறது என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரிதான். லண்டனில் ஜூன் மாதத்தில் பகல் பதினாறரை மணி நேரம் நீளும். லெட்யூஸுக்கு நீண்ட பகலும் பூக்கச் சொல்லும் ஒரு சைகை. மதுரையிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆகவே பகலின் நீளத்தைச் சாக்குச் சொல்லி, செடியைக் கறுப்புத் துணியால் மூடி வைக்கும் வேலையெல்லாம் நமக்கு வேண்டாம். நம் ஊரில் வெப்பம்தான் முதல் காரணம்.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு வெப்பத்திலேயே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து, இரவு முழுக்க அதைத் திருப்பி விடுகிறது. மாசி, பங்குனியில் இரவு எட்டு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நடந்தால் பாதத்துக்கே தெரியும். காற்று தணிந்தாலும் தளத்தில் நேரடியாக உட்கார்ந்திருக்கும் பையின் அடி மண் தணியாது. லெட்யூஸின் வேர் ஆழம் போகாதது. பையும் சிறியது என்றால் வேர் முழுவதும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். இரவுக் குளிர்தான் இந்தச் செடிக்கு மருந்து என்றேன் அல்லவா, அந்த மருந்தையே தளம் தடுத்துவிடுகிறது. பைகளைச் செங்கல் அடுக்கின் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். அடியில் காற்று போகட்டும். கறுப்பு நிறப் பை வெயிலை அதிகம் வாங்கும், வெள்ளை பரவாயில்லை. செலவில்லாத இந்த மாற்றத்தை, ஆயிரம் ரூபாய் டானிக்கைவிட நான் பெரிதாக மதிக்கிறேன்.

பக்கத்து வீட்டம்மா சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டரில் இருக்கிறது, மதுரை நூறு மீட்டரைச் சுற்றி. கணக்குப் போட்டால் மதுரையைவிட ஊட்டி சுமார் 14 டிகிரி குளிர்ச்சி. அதனால்தான் நீலகிரி விவசாயிகள் லெட்யூஸ், ஐஸ்பெர்க், புரோக்கோலி போன்றவற்றை 'சைனீஸ் காய்கறி' என்று சொல்லி வருடம் முழுக்கப் பயிரிட முடிகிறது. ஆனால் நம் சமவெளியிலும் வருடத்தில் சில மாதம் லெட்யூஸுக்கு ஏற்ற பருவம் வந்து போகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் பெரும் லெட்யூஸ் வியாபாரிகளும் இதைத்தான் செய்கிறார்கள். சித்திரை முதல் ஐப்பசி வரை கலிபோர்னியாவின் கடலோரக் குளிர்ச்சியில் உள்ள சலினாஸ் பள்ளத்தாக்கில் பயிர். அங்கே குளிர் அதிகமாகும் நேரத்தில், பாலைவனப் பகுதியான அரிசோனாவின் யூமாவுக்கு மாறிவிடுவார்கள். கோடையில் கொதிக்கும் யூமா, குளிர்காலத்தில் லெட்யூஸுக்குச் சொர்க்கம். எல்லா வசதியும் உள்ளவர்களே செடியின் பருவத்துக்குத் தக்கபடி வயலை மாற்றுகிறார்களே தவிர, கோடையோடு மல்லுக்கட்டவில்லை.

கசப்புக்கு வருவோம். செடி முழுக்க நுண்ணிய பால்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் இருக்கும் பாலைத் தாவரவியலில் லேட்டக்ஸ் என்பார்கள். ரப்பர் மரத்தில் வடிப்பதும் ஒரு லேட்டக்ஸ்தான். லெட்யூஸ் பாலில் லாக்டுசின், லாக்டுகோபிக்ரின் என்ற கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. கடிக்கவரும் பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் காவல் இது. இளம் செடியில் இது மிகக் குறைவு என்பதால் நமக்கு நாக்கில் தெரிவதில்லை. பூத்தண்டு ஏறும் நேரத்தில் பாலும் கூடும், அதிலுள்ள கசப்பும் கூடும். அடுத்த தலைமுறையைத் தாங்கப்போகும் தண்டல்லவா, செடி அதைப் பத்திரப்படுத்துகிறது. தண்டு ஏறிய செடியை அடியில் அறுத்துப் பாருங்கள். வெட்டு வாயில் வட்டமாகப் புள்ளி புள்ளியாகப் பால் துளிர்க்கும். சற்று நேரத்தில் அது உலர்ந்து பழுப்பாகிவிடும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் காட்டு லெட்யூஸின் உலர்ந்த பாலை 'லெட்யூஸ் அபின்' என்று தூக்க மருந்தாக விற்றிருக்கிறார்கள். பெயரில் அபின் இருக்கிறதே என்று கவலை வேண்டாம். அபினுக்கும் அதற்கும் வேதியியல் ஒற்றுமை கிடையாது. சாலட் தட்டில் வரும் அளவுக்குக் கசப்பைத் தவிர வேறெதுவும் நேராது.

மண் காயக் காய விட்டு ஊற்றினாலும் கசப்பு ஏறும். ஆனால் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொண்டால் தண்டு ஏறாது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கசப்பைத் தள்ளிப்போடும், கோடையைத் தள்ளிப்போடாது.

முளைக்காத விதையின் கதை இன்னும் சுவையானது. ஈரம் பட்ட லெட்யூஸ் விதை, சுற்றுச்சூடு 30 டிகிரியை ஒட்டிப் போனாலே முளைப்பதை நிறுத்திவிடும். ரகத்துக்கு ரகம் இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கும். இதை வெப்ப உறக்கம் என்று சொல்லலாம். விதை செத்துப்போகவில்லை. அப்சிசிக் அமிலம் என்ற, முளைப்பைத் தடுத்து வைக்கும் ஹார்மோனைச் சூட்டில் கூட்டிக்கொண்டு காத்திருக்கிறது. நீங்கள் அந்த மண்ணைக் கொட்டாமல் வைத்திருந்தால், குளிர்ந்த பிறகு சில விதை முளைத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

வெப்பத்தோடு வெளிச்சத்தையும் இந்த விதை பார்க்கிறது. தாவர அறிவியலிலேயே பெரியதொரு கண்டுபிடிப்பு லெட்யூஸ் விதையை வைத்துத்தான் நடந்தது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் பார்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரும் அவர்களது குழுவினரும் 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்யூஸ் விதையை நனைத்து இருட்டில் வைத்தார்கள். சிவப்பு ஒளியைச் சற்று நேரம் காட்டினால் முளைத்தது. அதன்மேல் தொலைசிவப்பு ஒளி, அதாவது கண்ணுக்குச் சிவப்பு மங்கிப்போகும் எல்லையில் உள்ள ஒளி, காட்டினால் முளைக்கவில்லை. மறுபடி சிவப்பு காட்டினால் முளைத்தது. மாற்றி மாற்றிப் பலமுறை காட்டியும், கடைசியாக எந்த ஒளி விழுந்ததோ அதன்படியே விதை நடந்தது. விதைக்குள் ஒளியை உணரும் ஒரு நிறமி இருப்பது அதிலிருந்து உறுதியானது. பிற்பாடு அதற்கு பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். பச்சை இலைகள் சிவப்பு ஒளியைத் தாங்களே உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைத்தான் கீழே விடும். ஆகவே பெரிய செடியின் நிழலில் விழுந்த விதைக்கு, தலைக்கு மேலே இடமில்லை என்பது இந்த நிறமியின் மூலம் தெரிந்துவிடும்.

உங்களுக்கு இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? லெட்யூஸ் விதையை ஆழப் புதைக்கக் கூடாது. ஈரமான கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, மேலே மிக மெல்லியதாக மண்புழு உரத்தைச் சலித்துத் தூவினால் போதும். இக்காலத்து ரகங்கள் பல இருட்டிலும் முளைக்கும். ஆனால் சூடு கூடக்கூட வெளிச்சத்தின் தேவையும் கூடிவிடும். வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் விதைத்துப் பழகிய கை, பழக்கதோஷத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிடும். கவனமாக இருங்கள்.

சூடு மிச்சமிருக்கும் நாளில் விதைக்க வேண்டியிருந்தால், ஈரத் துணியில் விதையை மடித்து, ஒரு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். பிறகு சாயங்காலம், வெயில் இறங்கியதும் விதையுங்கள். விதை ஈரத்தை உறிஞ்சும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அந்த நேரம் இரவின் குளிர்ச்சியில் கழிந்தால் தடை பெரும்பாலும் நீங்கிவிடும். கலிபோர்னியாவின் வெப்பமான பகுதிகளில் விவசாயிகள் விதைத்த வயலுக்கு முதல் தண்ணீரை மாலையில் தொடங்குவதும் இதற்காகத்தான். குழித்தட்டை வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, முளைத்த பிறகு மாடிக்கு ஏற்றலாம்.

இனி இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஐப்பசிக் கடைசியில் நாற்றுக்கு விதையுங்கள். அடைமழை நேரடியாக அடித்தால் இளநாற்று அழுகிவிடும் என்பதால் கூரைக்கடியில் இருக்கட்டும். நாலைந்து இலை வந்ததும் பையில் நடுங்கள். பை 20 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் தாராளம். கோகோபீட் கலப்பதாக இருந்தால் இரண்டு மூன்று தண்ணீர் அலசி உப்பை நீக்கிவிட்டுக் கலக்குங்கள். பிறகு தை பாதி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே போங்கள். அதற்குப் பிறகு விதைப்பதை நிறுத்திவிடலாம். மார்கழியில் காலை வெயில் முழுவதும் படட்டும். தை பிற்பாதியில் நண்பகல் வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டினால் இன்னும் சில நாள் நீட்டிக்கலாம்.

உருண்டை கட்டும் ஐஸ்பெர்க் வேண்டாம். உருண்டை திரள நாள் அதிகம், அதற்குள் சூடு வந்துவிடும். இலை இலையாகப் பறிக்கும் லோலோ ரோஸ்ஸோ, ஓக் லீஃப், பட்டாவியா போன்றவை நமக்கு ஏற்றவை. நீளவாக்கில் நிமிர்ந்து வளரும் ரொமைன் வகையில், இஸ்ரேலில் வெப்பத்துக்கென்றே உருவாக்கிய 'ஜெரிக்கோ' என்ற ரகம் உண்டு. கிடைத்தால் போட்டுப் பாருங்கள். வெப்பம் தாங்கும் ரகம் என்றால் சற்றுத் தாமதமாகப் பூக்கும் ரகம் என்று பொருள், பூக்காத ரகம் என்றல்ல.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, இளசாக அறுப்பதைத்தான். நெருக்கமாக விதைத்து, 30 நாளை ஒட்டி இலை விரல்நீளம் வந்ததும், அடியில் இரண்டு விரற்கடை விட்டுக் கத்தரியால் அறுங்கள். ஒருமுறை மறுபடி துளிர்க்கும். செடி பூப்பதைப் பற்றி யோசிக்குமுன் உங்கள் தட்டுக்கு வந்துவிடும். விடிகாலையில் அறுத்துக் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இலை மொறுமொறுவென்று நிற்கும்.

இன்னொரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மாடித்தோட்டக்காரர்கள் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் தெளிப்பது வழக்கம். சமைக்கும் கீரைக்கு அது வேறு. லெட்யூஸைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம், அதுவும் குழந்தை சாப்பிடுகிறாள். சாணம் கலந்த எதையும் அந்த இலையில் தெளிக்காதீர்கள். நன்றாக மக்கிய உரத்தை மண்ணில் மட்டும், நடும் முன்பே கலந்துவிடுங்கள். அறுத்த இலையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள்.

இப்போது மாடியில் உயர்ந்து நிற்கும் செடிகளை என்ன செய்வது? உச்சியைக் கிள்ளிவிட்டால் அரைக்கீரைபோலப் பக்கக்கிளை விட்டு மறுபடி நல்ல இலை தரும் என்று நினைக்கத் தோன்றும். பக்கக்கிளை வரும், ஆனால் அத்தனையும் கசப்பாகவே வரும், அவையும் பூக்கும். அரைக்கீரையும் முளைக்கீரையும் வெப்பத்துக்கென்றே பிறந்தவை. அவற்றோடு இதை ஒப்பிட வேண்டாம். கசப்பு மிதமாக இருந்தால் பாசிப்பருப்போடு கூட்டாகச் சமைத்துவிடலாம்.

ஆனால் எல்லாவற்றையும் பிடுங்காமல் ஒரே ஒரு செடியை விதைக்கு விட்டுப் பாருங்கள். சிறிய மஞ்சள் பூக்கள் கொத்தாக வரும். ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு காலைப் பொழுதில் மலர்ந்து மூடிவிடும். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி என்பதால், பல ரகங்களை அருகருகே வைத்திருந்தாலும் விதை பெரும்பாலும் கலப்பில்லாமல் தாய்ச்செடியைப்போலவே வரும். பூத்து இரண்டு வாரத்தில் வெண்பஞ்சு தலைகாட்டியதும் கசக்கி எடுத்துக்கொள்ளலாம். எந்தச் செடியை விடுவது என்பதில்தான் சூட்சுமம். முதலில் பூத்ததன் விதையைச் சேர்த்தால், வருடாவருடம் சீக்கிரம் பூக்கும் குணத்தையே நீங்கள் தேர்ந்தெடுத்து வளர்க்கிறீர்கள். எல்லாச் செடியும் தண்டு ஏறிய பிறகும் கடைசிவரை தாக்குப்பிடித்து நிற்கிறதே ஒன்று, அதன் விதையை எடுங்கள். சில ஆண்டுகள் இப்படியே செய்து வந்தால் மதுரை வெயிலுக்குக் கொஞ்சமேனும் பழகிய லெட்யூஸ் உங்கள் கையில் இருக்கும். புதிதாக எடுத்த விதைக்குச் சில வாரம் இயற்கையாகவே உறக்கம் உண்டு. எடுத்த உடனே முளைக்கவில்லை என்று வீசிவிடாதீர்கள்.

பங்குனி முதல் ஆவணி வரை பேத்தியின் தட்டு காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பருப்புக்கீரை இருக்கிறது. நாம் அதைக் கடைந்து சாப்பிடுகிறோம். லெபனானிலும் சிரியாவிலும் ஃபத்தூஷ் என்ற சாலட்டில் அதைப் பச்சையாகவே போடுகிறார்கள். மெல்லிய புளிப்பும் நீர்ச்சத்துமாக, கொளுத்தும் வெயிலில் செழிப்பது அது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் அளவாகச் சாப்பிட வேண்டும், அதில் ஆக்சலேட் அதிகம். விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளான வெந்தயக்கீரை, புதினாத் துளிர், கொடிப்பசலையின் இளம் இலை எல்லாம் வெள்ளரியோடும் எலுமிச்சையோடும் நன்றாகச் சேரும். கொத்தமல்லியை மட்டும் இந்தப் பட்டியலில் நம்பாதீர்கள். அதுவும் லெட்யூஸ் மாதிரியே கோடையில் சீக்கிரம் பூத்துவிடும்.

பாக்கெட்டில் இன்னும் விதை இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இன்றைக்கே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அலமாரியில் வைத்தால் சித்திரை வெயிலில் அதன் முளைப்புத்திறன் போய்விடும், ஐப்பசிக்கு உதவாது.